யோலண்டா உட்கார்ந்த படிக்கட்டு

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். முப்பது பேர் இருந்திருப்போம். திரைப்படச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "என்னா ஒரு மனிதநேயம் பாருங்க. வயசு, நெறம், நாடு, மதம் எல்லாத்தையும் தாண்டி, முன்பின் தெரியாத ரெண்டு மனசு ஒண்ணு சேருது. அன்புக்கு எல்லை கிடையாதுங்கிறதைத்தான் டைரக்டர் சொல்றார்." கூட்டம் தலையாட்டியது. பக்கத்திலிருந்த ஒருவர் "கவிதைங்க, கவிதை" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் படத்தின் முடிவில் ஒருவன் வயிற்றுப் புண் வெடித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். 'ஆறு மாசத்துல திரும்பவும் இங்கதான் வருவான்' என்கிற மாதிரி டாக்டர் சொல்கிறார். அதைப் பார்த்துவிட்டு எழுந்தவர்தான் அன்புக்கு எல்லை கிடையாது என்கிறார். ஒன்றரை மணி நேரம் இவர் எந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்? அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

படம் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் எடுத்தது. 1974-இல் மேற்கு ஜெர்மனியில் வெளிவந்தது. இரண்டு வார அளவில், சொற்பப் பணத்தில் எடுத்து முடித்த படம். கான் திரைப்பட விழாவில் அந்த ஆண்டு சர்வதேச விமர்சகர்களின் பரிசு பெற்றது. தலைப்பைத் தமிழில் 'பயம் ஆன்மாவைத் தின்னும்' என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. மூலத்தில் தலைப்பே இலக்கணப் பிழையோடுதான் இருக்கிறது. ஜெர்மன் சரியாக வராத ஒரு கூலிக்காரன் வாயிலிருந்து வருகிற வாக்கியம் அது. 'பயம் தின்னு உசுரு' என்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். பிழை கண்டால் சிவப்பு மையில் சுழிப்பதற்கென்றே ஐந்து வருஷம் பழக்கப்படுத்தப்பட்டவன். எங்கள் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று வகுப்பிலேயே சுழித்தார்கள். ஃபாஸ்பிண்டர் அந்தக் கொச்சையைத் தூக்கிப் படத்தின் நெற்றியில் ஒட்டினார். நம்முடைய ஆட்கள் அதைத் திருத்தி, தூய்மைப்படுத்தி, 'ஆன்மாவைத் தின்னும்' என்று ஐ உருபெல்லாம் போட்டு எழுதிக்கொள்கிறார்கள். கோளாறு இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்மி அறுபது வயது விதவை. கட்டிடங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை. பிள்ளைகள் மூன்று பேர், எல்லாரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஒரு ராத்திரி மழைக்கு ஒதுங்கி ஒரு மதுக்கடைக்குள் நுழைகிறாள். அரபுத் தொழிலாளிகள் கூடுகிற கடை. அவள் ஒரு மூலை மேசையில் தனியாக உட்கார்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கடையிலிருக்கிற பெண் ஒருத்தி கேலிக்காக ஓர் ஆளிடம், 'போய் அந்தக் கெழவியோட ஆடேன்' என்கிறாள். அவன் நிஜமாகவே போய்க் கூப்பிடுகிறான். அவன்தான் அலி. மொராக்கோக்காரன். கார் பட்டறையில் வேலை. அவளைவிட இருபது வயதுக்கு மேல் இளையவன். ஆடுகிறார்கள், பேசுகிறார்கள். அவளை வீடு வரை கொண்டுவந்து விடுகிறான். மழை விடவில்லை, மேலே வா என்கிறாள். கடைசி டிராம் வண்டியும் போய்விட்டது, தங்கிவிட்டுப் போ என்கிறாள். அப்படி ஆரம்பித்தது கல்யாணத்தில் முடிகிறது.

கல்யாணப் பேச்சு வந்த விதத்தைப் பாருங்கள். காதல் வசனமெல்லாம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரரின் மகன் வந்து, 'வெளியாளுக்கு உள்வாடகை விடக் கூடாது, அவன் நாளைக்கே போகணும்' என்கிறான். எம்மி பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள்: நாங்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறோம். பொய்தான். அவன் போனபிறகு அலியிடம் மன்னிப்பு கேட்கிறாள். அவனோ 'நல்ல யோசனை' என்கிறான். குடியிருப்பு ஒப்பந்தத்தின் ஒரு விதிதான் இவர்களைக் கல்யாணத்துக்குத் தள்ளியது. இரண்டு மனசு தாண்டிக் குதித்துச் சேர்ந்ததாம்!

எதிர்பாராத உறவு என்று சொல்கிறார்களே, எதிர்பாராதது யாருக்கு? எம்மியும் அலியும் முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனால் அவர்களைத் தெரியாதவர்களாக ஆக்கியது யார்? ஒருத்தி கட்டிடத்தைத் துடைக்கிறாள். ஒருவன் காரைப் பழுதுபார்க்கிறான். அந்தக் கட்டிடத்தில் உட்கார்கிறவனும் காரில் போகிறவனும் இவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு பேரையும் ஒரே ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது அந்த ஊர். தள்ளப்பட்ட இடத்தில் ஒருவர்மீது ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதற்கு முன்னால் ஏன் இடித்துக்கொள்ளவில்லை என்றுதான் கேட்கவேண்டும்.

அந்த ஊரின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். போரில் நொறுங்கிய ஜெர்மனியின் மேற்குப் பாதி, தொழிற்சாலைகள் பெருகப் பெருக, ஆள் போதாமல் வெளியிலிருந்து எடுத்தது. 1955-இல் இத்தாலியோடு ஒப்பந்தம். 1960-இல் ஸ்பெயின், கிரீஸ். 1961-இல் துருக்கி. 1963-இல் மொராக்கோ. 1968-இல் யூகோஸ்லாவியா. 1973 வாக்கில் மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 26 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்கு வைத்த பெயர் 'காஸ்ட்அர்பைட்டர்', அதாவது விருந்தாளித் தொழிலாளி. விருந்தாளிக்கு இலைபோட்டுச் சோறு போடுவதுதான் நமக்குத் தெரியும். விருந்தாளியைப் பட்டறையில் கிரீஸ் துடைக்க விட்டு, வேலை முடிந்ததும் ஊரைப் பார்த்துப் போ என்பது அவர்கள் உபசாரம். 1972 செப்டம்பரில் இதே மூனிச் நகரத்தில் ஒலிம்பிக் நடந்தபோது, பாலஸ்தீனத் துப்பாக்கிக்காரர்களின் தாக்குதலில் இஸ்ரேலிய அணியினர் 11 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கப்புறம் தெருவில் போகிற ஒவ்வொரு அரபியும் சந்தேகத்துக்குரியவன் ஆனான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே ஊரில் ஃபாஸ்பிண்டர் இந்தப் படத்தை எடுத்தார். அந்த நவம்பரிலேயே அரசு ஆள் எடுப்பதை நிறுத்தியது. எண்ணெய் நெருக்கடி வந்துவிட்டது, விருந்து போதும் என்றார்கள்.

இவ்வளவும் அந்தப் படத்தின் சுவருக்குள் இருக்கிறது. இதையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, 'மனித மனம்' என்று ஒரு வெற்று உறையை நம் கையில் கொடுக்கிறார்கள். நாமும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம்.

அலி என்பது அவன் பெயரே இல்லை. முழுப்பெயர் நீளமானது, அதை எம்மியிடம் சொல்லவும் செய்கிறான். ஆனால் எல்லா அரபியும் அவர்களுக்கு அலிதான். பெயர் கேட்கிற தேவையே வராத ஆட்களுக்கு ஒரே பெயர் போதும். ஐம்பது வயது ஆளையும் 'டேய்' என்று கூப்பிடுகிற தெருக்களில் நடந்து வந்த நமக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

கல்யாணத்துக்குப் பின் ஒதுக்குகிறார்கள் பாருங்கள், அதில் ஒரு பாடம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரன் அலிக்கு மார்கரின் கொடுக்க மாட்டேன் என்று சொல்வதில்லை. 'நீ பேசுறது புரியலை' என்கிறான். புரிகிறது, நன்றாகவே புரிகிறது. 'மொதல்ல ஜெர்மன் கத்துக்கிட்டு வா' என்று அனுப்பிவிடுகிறான். எம்மி போய்ச் சண்டை போட்டால் இருபது வருஷ வாடிக்கைக்காரியையும் வெளியே போகச் சொல்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாடிப்படியில் கூடிக் குசுகுசுக்கிறார்கள். 'பேரப் பாரு குரோவ்ஸ்கி, அவளே சுத்த ஜெர்மன்காரி கெடையாது' என்கிறார்கள். அவளுடைய செத்துப்போன புருஷன் போலந்துக்காரர். தொழிலாளியாக வந்து தங்கிவிட்டவர். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து 'இவர்தான் என் புருஷன்' என்று அறிமுகப்படுத்துகிறாள். காமிரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது. ஒருவரும் பேசவில்லை. ஒரு மகன் எழுந்து டெலிவிஷன் பெட்டியை உதைத்து உடைக்கிறான். மகளின் புருஷனாக, சதா பீரும் வசவுமாக உட்கார்ந்திருக்கிற சோம்பேறியாக நடித்தவர் ஃபாஸ்பிண்டரே. நாலு பேர் பாட்டு கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரி போலீசைக் கூப்பிடுகிறாள். வந்த போலீஸ்காரர்கள் மரியாதையாகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சட்டத்தில் இவர்களுக்கு எதிராக எதுவும் இல்லை. தீண்டாமை சட்டத்தில் இருக்கவேண்டிய அவசியமில்லை, படிக்கட்டில் இருந்தால் போதும். நம் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து எத்தனை வருஷமாகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

எம்மியைத் தியாகத் திருவுருவாக்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்யாணம் பதிவு செய்தபின் அவள் அலியைச் சாப்பிட எங்கே கூட்டிப்போகிறாள்? ஹிட்லர் வழக்கமாகச் சாப்பிட்ட ஓட்டலுக்கு. 'ரொம்ப நாளா இங்க வரணும்னு ஆசை' என்கிறாள். தன் அப்பா நாஜிக் கட்சியில் இருந்தார், நானும் இருந்தேன், எல்லாரும்தானே இருந்தோம் என்று முன்பே வெகு இயல்பாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. விஷயமே அதுதான். விஷத்தைக் குடித்து வளர்ந்தவளுக்கு அது விஷமாகத் தெரியவில்லை. ஒருவனை நேசித்துவிட்டதால் அது ரத்தத்திலிருந்து வடிந்தும் போகவில்லை.

இதுவரை படத்தின் முதல் பாதி. நம்ம பெரியவர் பார்த்தது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஊர் எதிர்க்கிறது, காதலர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு திறந்தவெளிக் கடையில் மஞ்சள் நாற்காலிகளுக்கு நடுவில் இரண்டு பேர் மட்டும். தூரத்தில் கடை ஆட்கள் சிலை மாதிரி நின்று முறைக்கிறார்கள். எம்மி உடைந்து அழுகிறாள். 'எங்கயாவது போய்ட்டு வரலாம், திரும்பி வரும்போது எல்லாரும் நல்லவங்களா ஆயிருப்பாங்க' என்கிறாள்.

போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். நிஜமாகவே எல்லாரும் நல்லவர்களாக ஆகியிருக்கிறார்கள்!

படத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாமான் போட்டுவைக்க நிலவறையில் இடம் வேண்டும். எம்மியின் பங்கைக் கேட்கிறாள், சிரித்துக்கொண்டு. மளிகைக் கடைக்காரனின் வியாபாரத்தைப் பெரிய கடைகள் தின்றுகொண்டிருக்கின்றன. பெண்டாட்டி சொல்ல, அவன் வாசலுக்கே வந்து வணக்கம் வைக்கிறான். டெலிவிஷனை உதைத்த மகன் அதற்குப் பணம் கொடுத்து மன்னிப்பு கேட்கிறான். அவன் மனைவி வேலைக்குப் போகப்போகிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும். ஒருவராவது மனம் மாறினார்களா? இல்லை. தேவை மாறியிருக்கிறது. இடம், வாடிக்கை, பிள்ளை பார்க்க ஆள் என்று ஆளுக்கொரு காரியம். காரியம் இருக்கிற வரைக்கும் சிரிப்பும் இருக்கும்.

இதே கதையை ஃபாஸ்பிண்டர் 1970-இல் எடுத்த 'அமெரிக்கச் சிப்பாய்' படத்தில் ஓட்டல் வேலைக்காரி ஒருத்தி வாய்வழியாகச் சொல்வாள். அந்த வடிவத்தில் எம்மி கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறாள். நாலு வருஷம் கழித்துக் கதையைத் திரும்ப எடுத்தபோது கொலையைத் தூக்கிவிட்டார். ஏன்? கொலை எளிதில் புரிந்துவிடும். பார்க்கிறவன் 'ச்சே, பாவிங்க' என்று சொல்லித் தன்னைத் தனியே பிரித்துக்கொள்வான். சிரிப்பு அப்படி இல்லை. அதில் நாமும் மாட்டுவோம். 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிய காட்சியைப் பார்த்துத் தமிழ்நாடே பதறியது. பதறியவர்களில் எத்தனை பேர் தம் தெருவில் வீடு கேட்டு வருகிற இளம் தம்பதியிடம் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று சிரித்தபடி கேட்கிறவர்கள்? வெட்டரிவாளைக் கண்டித்துவிடலாம். அந்தச் சிரிப்பை எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

ஊர் நல்லதான பிறகுதான் வீடு கெடுகிறது. அலிக்குக் கூஸ்கூஸ் சாப்பிட ஆசை. எம்மி, 'எனக்குச் சமைக்கத் தெரியாது, நீ ஜெர்மனி பழக்கத்துக்கு வா' என்கிறாள். மளிகைக் கடைக்காரன் அவனைத் துரத்தியபோது சொன்ன பேச்சும் ஏறக்குறைய இதுதான். வேலைக்காரத் தோழிகள் வீட்டுக்கு வருகிறார்கள். 'அடேயப்பா எவ்வளவு சுத்தமா இருக்கான்' என்று வியக்கிறார்கள். 'தொட்டுப்பாருங்க' என்று எம்மியே அவன் புஜத்தைக் காட்டுகிறாள். ஆளுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்கள், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி. அவன் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுகிறான். 'சில நேரம் இப்படித்தான், அவங்க ஊர்ப் புத்தி' என்று அவர்களுக்கு விளக்கம் சொல்கிறாள். காலையில் அவனோடு சேர்ந்து அழுதவள்தான் இந்த விளக்கத்தையும் சொல்கிறாள். அலி மதுக்கடைக்காரியின் வீட்டுக்குப் போய் கூஸ்கூஸ் தின்று அங்கேயே படுத்துக்கொள்கிறான். பிறகு எம்மி அவனைத் தேடிப் பட்டறைக்கு வருகிறாள். 'உன் பாட்டியா, மொராக்கோவுலேர்ந்து வந்திருக்காங்களா?' என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். அலியும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான். அவனும் யோக்கியன் இல்லை. ஒதுக்கப்பட்டவன் என்பதற்காக ஒருவனும் புனிதனாகிவிடுவதில்லை. இதைச் சொல்கிற துணிச்சல் ஃபாஸ்பிண்டருக்கு இருந்தது. நம் எழுத்தில் அது போதவில்லை என்று எனக்குப் படுகிறது.

இப்போது யோலண்டாவுக்கு வருகிறேன். திரைப்படச் சங்கத்தில் அன்று ஒருவர் வாயிலிருந்தும் வராத பெயர் இது.

எம்மியின் கல்யாணம் தெரிந்ததும் கூட வேலை செய்கிற பெண்கள் அவளை ஒதுக்கினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஒரு பக்கம், எம்மி படிக்கட்டில் தனியாக ஒரு பக்கம். கைப்பிடிக் கம்பிகளுக்கு ஊடாக, சிறைக்குள் இருப்பவளைப் போல அவளைக் காட்டுகிறது காமிரா. பிறகு நிலைமை மாறுகிறது. யோலண்டா என்று ஒரு புதுப்பெண் வேலைக்கு வருகிறாள். யூகோஸ்லாவியாவில் ஹெர்ட்செகோவினாவைச் சேர்ந்தவள். ஜெர்மன் சரியாக வராது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கூடி உட்கார்ந்து சம்பள உயர்வு பற்றிப் பேசுகிறார்கள். எம்மியும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. யோலண்டாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் தனியாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அதே கம்பி, அதே கோணம். போன வாரம் எம்மி உட்கார்ந்திருந்த அதே இடம்.

எம்மி அவளைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் தன் பேச்சைத் தொடர்கிறாள்.

எந்த வசனமும் இல்லாத இந்த ஒரு காட்சிக்கு முன்னால் உங்கள் 'மனிதநேயம்' நிற்குமா? ஒரு அந்நியனை நேசித்தவள் இன்னொரு அந்நியளைப் படிக்கட்டில் விட்டுவிட்டாள். அன்பு ஒரு ஆளைத் தாண்டிப் போகவில்லை. ஏணி அப்படியே இருக்கிறது. எம்மி ஒரு படி மேலே ஏறிக்கொண்டாள், காலியான படியில் வேறொருத்தி உட்காரவைக்கப்பட்டாள். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒருவனைக் காலடியில் கொடுத்துவைத்திருக்கிறது இந்த ஏற்பாடு. அதனால்தான் எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஏணியைப் பிடுங்கி எறிய மாட்டேன் என்கிறார்கள். 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் கலப்புமணத்தைத்தான் உண்மையான மருந்தாகச் சொன்னார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. கலப்புமணத்தைத் தடுக்கிற நம்பிக்கையின் வேரை, சாத்திரங்களின் புனிதத்தை அழிக்கச் சொன்னார். 'ரெண்டு பேர் கட்டிக்கிட்டா சாதி போயிடும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் படித்தவர்கள். எம்மியின் கதையையும் அவர்கள் முதல் பாதியோடு எழுந்துபோய்விடுகிறார்கள்.

முடிவில் எம்மி மதுக்கடைக்கு வருகிறாள். பழைய பாட்டைப் போடச் சொல்கிறார்கள், இரண்டு பேரும் ஆடுகிறார்கள். 'ஒருத்தருக்கொருத்தர் அனுசரணையா இருப்போம்' என்கிறாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அலி சுருண்டு விழுகிறான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்கிறார்: வயிற்றுப் புண், வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு அடிக்கடி வருகிறது, தாங்கமுடியாத நெருக்கடி. அவர்களுக்கு ஓய்வுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைப்பதில்லை, அறுத்துத் தைத்து அனுப்புவோம், திரும்ப வருவார்கள். எம்மி கட்டிலருகே நின்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அனுசரணை இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஆனால் புண் அன்பில்லாததால் வந்ததில்லை. பட்டறை, தெரு, கடை, அறை எல்லாம் சேர்ந்து அவன் குடலில் போட்ட ஓட்டை அது. அதற்கு வேண்டியது ஓய்வு, சம்பளம், குடியிருக்க இடம், உரிமை. இவை எதையும் எம்மியால் முந்தானையில் முடிந்து கொண்டுவர முடியாது.

படத்தைக் கொண்டாடிவிட்டுப் போகிற உத்தேசமும் எனக்கு இல்லை. அலியாக நடித்த எல் ஹெதி பென் சலேம், ஃபாஸ்பிண்டரின் காதலராக இருந்தவர். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். அலியின் முழுப்பெயராகப் படத்தில் வருவது அவருடைய சொந்தப் பெயர்தான். படத்தில் நாம் கேட்கிற குரல் அவருடையது இல்லை, ஒரு ஜெர்மன் நடிகரின் இரவல் குரல். உடைந்த ஜெர்மன் பேசுகிற மொராக்கோக்காரனுக்கு அந்த உடைந்த மொழியைப் பேசித் தரவும் ஒரு ஜெர்மன்காரர் வேண்டியிருந்தது! உடம்பு அவருடையது, பெயர் அவருடையது, குரல் மட்டும் வேறொருவருடையது. காமிரா அந்த உடம்பைக் குளியலறைக் கண்ணாடியில் நிதானமாகப் பார்க்கிறது. எம்மியின் தோழிகள் புஜத்தைத் தொட்டுப் பார்த்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். உறவு முறிந்தது. சலேம் 1977-இல் பிரான்சில் ஒரு சிறையில் செத்துப்போனார். ஃபாஸ்பிண்டருக்கு அது வெகு தாமதமாகத்தான் தெரியவந்தது. தன் கடைசிப் படத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். 1982-இல் அவரும் போய்விட்டார். சமர்ப்பணம் நல்லதுதான். அதைப் பார்க்க சலேம் இல்லை. நம்மைப் பற்றி நல்ல மனசோடு மற்றவர்கள் எழுதுகிற, எடுக்கிற எதையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கவேண்டும்: இதில் நம் குரல் யாருடையது?

இவ்வளவு தூரம் பெரியவரைத் திட்டியாயிற்று. இனி நம் பக்கம்.

என் அம்மா வடாற்காட்டுப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் பெருக்குகிற வேலை பார்த்தார். மதியம் அலுவலக ஆட்கள் உள்ளே சாப்பிடுவார்கள். அம்மா பின்பக்கப் படியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். அந்தப் படியில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். அதனால் எம்மி படியில் உட்கார்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 'எங்கம்மா' என்று நினைத்தேன். யோலண்டா உட்கார்ந்தபோதுதான் மற்றது ஞாபகம் வந்தது. அங்கே கக்கூஸ் கழுவ ஒரு அக்கா வருவார். அருந்ததியர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தமிழ் ஒரு மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவார். அவர் எங்களோடு படியில் உட்கார்ந்ததில்லை. கீழே, புளியமரத்தடியில் தனியாக உட்காருவார். அவர் குடம் பட்ட குழாயை அம்மா கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார். நாங்கள் பறையர். எங்களைப் படியில் உட்காரவைத்தவர்கள்மேல் எங்களுக்கு இருந்த கோபம் நிஜம். அந்த அக்காவை மரத்தடியில் உட்காரவைத்தது நாங்கள் என்பதும் நிஜம்.

2009-இல் தமிழ்நாட்டில் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நம் தோழர்கள் பலர் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. 'பிரிவினை' என்றார்கள், 'ஒற்றுமைக்கு ஆபத்து' என்றார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செல்லும் என்று சொன்ன பிறகும் அதே பேச்சு. ஒற்றுமை வேண்டும்தான். சம்பள உயர்வு கேட்கக் கூடிய அந்தப் பெண்களும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். யோலண்டாவைப் படியில் விட்டுவிட்டு இருந்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பில் குறை சொல்ல இடம் இருக்கலாம், கணக்கில் வாதாடலாம். ஆனால் மரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து வந்து படியில் இடம் கேட்கும்போது, 'தள்ளி உட்காரு' என்று சொல்கிற வாய் நம்முடையதாக இருக்கக்கூடாது. ஊர்க்காரன் திருந்தட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது எம்மி சொன்ன 'திரும்பி வரும்போது எல்லாரும் நல்லவங்களா ஆயிருப்பாங்க' மாதிரிதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். கெழவியும் அரபிக்காரனும் கட்டிக்கொண்டதற்குச் சிரித்தார். டெலிவிஷனை உதைத்ததற்கு, 'பெத்த வயிறு எரியாது?' என்றார். யோலண்டாவைச் சொன்னதும் பேச்சு நின்றது. ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பொண்ண அப்புறம் யாராச்சும் கூப்ட்டாங்களாடா?" என்று கேட்டார்.

"படத்துல அது வரலம்மா" என்றேன்.

"நானும் கூப்டலியே" என்றார்.